அம்மா சாப்பிட்டதாக நான் எழுதியது

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம். முதற்பக்கத்துப் படத்தில் அம்மா கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறார். அது ஐயா இருந்த காலத்தில் எடுத்தது. அதற்குப் பிறகு அம்மா படம் எடுக்க நிற்கவேயில்லை.

அம்மா பிறந்தது சாவகச்சேரியில். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க விடவில்லை. நீர்வேலிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். எனக்கு ஆறு வயதில் ஐயா காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் குத்தகைக் காணியில் வாழை வைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார். நல்ல குலையெல்லாம் சந்தைக்குப் போகும். வாழைப்பூப் பொத்தியும் தண்டும் எங்கள் சட்டிக்கு வரும். அண்ணை படிப்பை விட்டுத் தோட்டத்தில் இறங்கினார். என்னை மட்டும் அம்மா மண்வெட்டியைத் தொடவிடவில்லை. நான் படித்தேன். யாருடைய வயிற்றைக் குறைத்துப் படிக்கிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

படித்து முடித்து வேலையில்லாமல் அந்தரப்பட்டுக்கொண்டிருந்த நேரம், ஒரு டொக்டரும் விவசாயப் பகுதி உத்தியோகத்தர் ஒருவரும் இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். தோட்டத்து மண்ணில் என்ன இருக்கிறது, விளைவதில் எவ்வளவு வீட்டு அடுப்புக்கு வருகிறது, சாப்பிடுகிறவர் இரத்தத்தில் என்ன சேருகிறது, இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை. கூப்பனுக்குத் தரும் பங்கீட்டு அரிசி குறைந்து, பேக்கரியில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம் அது. இந்த ஆராய்ச்சி ஊரைக் காப்பாற்றும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். சைக்கிள் காரியரில் தராசைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சோற்றை நிறுக்கத்தானோ உவள் இவ்வளவு படித்தவள் என்று பக்கத்து வீட்டு மாமி நக்கலடித்தார். அம்மா விடவில்லை. “நிறுத்தாலாவது தெரியட்டும், ஆர் ஆர் வீட்டிலை உலை கொதிக்குதெண்டு.”

தெரிவு செய்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஒவ்வொருவருடைய சாப்பாட்டுக் கோப்பையையும் முதலில் நிறுக்க வேண்டும். சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு மிச்சத்தை நிறுக்க வேண்டும். மற்ற வீடுகளில் இருந்தேன். எங்கள் வீட்டில் இருக்கவில்லை. அதே மத்தியான நேரத்தில் இன்னொரு வீடும் பார்க்க வேண்டும். எனக்கோ எதையும் ஓடி ஓடி முடிக்க வேண்டும். அம்மா எப்போதும் கடைசியாகச் சாப்பிடுகிறவர். சோறு, முருங்கையிலை, ஒரு துண்டு மீன் என்று கோப்பையை நிரப்பித் தராசில் வைப்பார். என்னையும் ஒருக்கால் ஏற்றி நிறுத்துப் பாரன் என்று சிரிப்பார். “நீ போ பிள்ளை, நான் ஆறுதலாச் சாப்பிடுவன்.” பின்னேரம் வந்து கேட்டால், ஓம், முழுக்கச் சாப்பிட்டன் என்பார். ‘மிச்சம் இல்லை’ என்று கணக்குக் கொப்பியில் எழுதினேன். ஏழு நாளும் அப்படியே எழுதினேன்.

பரிசோதனையில் அம்மாவுக்கு இரத்தம் மிகவும் குறைவாக இருந்தது. டொக்டர் என் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பாடு போதுமானது என்று கொப்பி சொல்கிறதே, அப்படியானால் வயிற்றுப் பூச்சியாக இருக்கலாம் என்றார். விவசாய உத்தியோகத்தர் மட்டும் என்னை மெதுவாகக் கேட்டார்: “நீர் பக்கத்திலை இருந்து பாத்தனீரோ?”

எனக்குக் கோபம் வந்தது. “அம்மா எனக்குப் பொய் சொல்லமாட்டா” என்றேன்.

பூச்சி மருந்தை நானே கலக்கிக் கொடுத்தேன். இரண்டாம் தரமும் கொடுத்தேன். சில மாதங்களில் கால் வீங்கியது. கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்கியது. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது இருதயம் களைத்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் அம்மா எங்களை விட்டுப் போனார்.

எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, அம்மாவுக்குப் படைத்த சோற்றில் அண்ணை கை வைக்கவில்லை. நான் சண்டை பிடித்துத்தான் கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீ சைக்கிளை எடுக்க, அம்மா உந்தக் கோப்பையை எனக்குத் தருவா. தனக்குப் பசியில்லையாம், தோட்டம் கொத்திறவன் நீ தின் எண்டு. நான் திண்டனான்.”

சாப்பிடாதவர் ஏன் நிரப்பி வைத்தார் என்று கேட்டேன். “கொஞ்சமா வைச்சா, கொப்பியிலை எழுத உனக்கு வெக்கமாயிருக்குமெண்டு சொன்னவ.”

அடுத்த நாளே டொக்டரிடம் ஓடினேன். எங்கள் வீட்டுக் கணக்கை வெட்டிவிடும்படி கெஞ்சினேன். எல்லா வீடுகளின் கணக்கும் சேர்ந்து கொழும்புக்குப் போய்விட்டது, இனிப் பிரித்தெடுக்க ஏலாது என்றார். இந்த ஊர்ப் பெண்கள் போதுமான அளவு சாப்பிடுகிறார்கள் என்று அங்கே யாரோ வாசித்துக்கொண்டிருப்பார்கள். வேறு எத்தனை வீடுகளில் எனக்காக அன்றைக்கு மட்டும் மீன் வாங்கினார்களோ, தெரியாது.

கல்வெட்டு மலரில் உதெல்லாம் எழுதாதே, சனம் சிரிக்கும் என்று மாமா தடுத்தார். அம்மாவின் பெயரில் ஒரு பொய்யை எழுதியவள் நான். இரண்டாவது பொய்யை எழுதக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவோடு துணைக்கிருந்த பக்கத்து வீட்டு மாமிக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், எட்டு நாளும் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும் அண்ணையும் நானும் என்றும் கடமைப்பட்டவர்கள். ‘மகள் நிறுத்து நிறுத்துச் சாப்பாடு குடுத்தவள், மனுசி வயிறாரச் சாப்பிட்டுத்தான் போனவ’ என்று பலர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அன்பினால் சொன்னீர்கள். இனி யாரும் அப்படிச் சொல்ல வேண்டாம். அம்மா சாப்பிடவில்லை.