கருத்தை மட்டும் சொல்லுங்கோ

அந்த மணிச் சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மண்டபத்தில் எங்கள் தமிழ் இலக்கிய வட்டத்தின் கூட்டம். பிறமொழிக் கவிதைக்கென்று எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் போலந்துச் சிநேகிதியை அழைத்துப் போயிருந்தேன்.

அவளுடைய அப்பா நெசவாலைத் தொழிலாளி. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் போலந்தில் சில இளைஞர்கள் அர்த்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஓசையாலேயே கவிதை கட்டினார்கள். அவர்களைப் படித்து வளர்ந்த இந்த மனிதர், தறிகள் ஓடும் சத்தத்தைத் தன் மொழியின் ஷகர சகரங்களால் ஒரு கவிதையாக்கினார். அது அச்சில் வரவில்லை, எந்த மேடையிலும் ஒலிக்கவில்லை. அவர் இறந்தபின் மகளிடம் மிஞ்சியது அந்த ஒற்றைத் தாள்தான். ஒரு மாதமாகத் தேநீர் இடைவேளைகளில் எனக்கு வாசித்து வாசித்துப் பழகினாள். முதன்முறையாக ஒரு சபை அதைக் கேட்கப்போகிறதென்று புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள், பாவம்.

அவள் வாசிக்கத் தொடங்கி நாலாவது வரியிலேயே கூட்டத் தலைவர் மணியை அடித்தார்.

"பிள்ளை, இது ஒருத்தருக்கும் விளங்கேல்லை. கருத்தை மட்டும் நீங்கள் தமிழில சொல்லிவிடுங்கோ. சாப்பாடு ஆறுது."

"சத்தம்தான் அங்கிள் கவிதை. வேற கருத்து இல்லை," என்றேன். முன்வரிசை சிரித்தது. அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதற்குமுன் பொன்னாடைக்கும் வாழ்த்துரைக்கும் முக்கால் மணி நேரம் விட்டவர் இவர்! அப்போது ஆறாத சாப்பாடு!

அடுத்த வெள்ளி மேய்ஸ் ஹில் கோயிலில் அதே மனிதர் கண்ணை மூடி, தொடையில் தாளம் தட்டி, தத்தன தனதன என்று ஓடும் சந்தப் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தார். முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாயிருந்தது அங்கிள். கருத்து என்ன?"

"ஆருக்குப் பிள்ளை தெரியும்? சின்னனில இருந்து பாடுறன். சந்தத்தைக் கேட்டாலே மனம் உருகுமெல்லோ!"

"ஓம். அவவின்ர அப்பான்ர கவிதையிலயும் அதுதானே இருந்தது? ஏன் மணியடிச்சு நிப்பாட்டினீங்கள்?"

அவர் பிரசாதம் வாங்கப் போய்விட்டார். எனக்கோ வென்றுவிட்ட திமிர். திங்கட்கிழமை இடைவேளையில் அதே திமிரோடு அவளிடம், "வாசி, முழுவதையும் கேட்கிறேன்" என்றேன்.

தாளை விரித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதமாக அர்த்தம் ஒன்றும் சொல்லாமலே எனக்கு வாசித்துக் காட்டியவள், "முதலில் அர்த்தத்தைச் சொல்லிவிடவா?" என்று கேட்டாள்.