சேத்துக்குள்ளை கேட்ட பேர்

அதெல்லாம் சும்மா கதை பிள்ளை. வெம்பிளியிலை தன்ரை வீட்டிலை பேய் எண்டு என்ரை மச்சாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா, நான் போய்ப் பார்த்தனான், மாடியிலை டக்கு டக்கெண்டு தட்டுறது பேயுமில்லை ஒண்டுமில்லை, பைப்புக்குள்ளை சுடுதண்ணி ஓடுற சத்தம். அதுக்குப் போய் ஐயரைக் கூப்பிட்டு, அவரும் வந்து மணியை ஆட்டிப்போட்டுப் போனவராம், அடுத்த நாளும் பைப் தட்டினதாம். உதுகளை நம்பிற ஆள் நானில்லை. படிக்காதவள் எண்டால் பேய் பிசாசு நம்புவள் எண்டு என்ரை மருமகள் நினைக்கிறா. படிச்சவ அவ தான், லைற் போடாமல் பாத்றூமுக்குப் போகப் பயமும் அவவுக்குத் தான்.

அந்த மீனை இஞ்சை தாரும். கொடுவா. இஞ்சத்தை ஆக்கள் பாஸ் எண்டு சொல்லுறது. செதிலோடை தந்து விட்டிட்டான் கடைக்காரன், நீரும் கத்தியைப் பிடிச்சுக்கொண்டு மீனைப் பார்த்து முழுசிக்கொண்டு நிண்டா அது தானாக் கழருமே? உதிலை இரும், நான் துப்பரவாக்கித் தாறன். வால் பக்கத்தாலை தலைக்கு உரசோணும், பாரும்.

கொடுவாவைக் கண்டால் எனக்கு இவரின்ரை நினைவு வந்திடும். இவர் எண்டால் என்ரை மனுசன், உந்தா, மாலை போட்ட படத்திலை இருக்கிறவர். நீர் இந்தத் தெருவுக்கு வரமுந்தியே போயிட்டார். இவரோடை ஒரு விசயம் நடந்தது, பிள்ளையளுக்கும் நான் முழுசாச் சொல்லேல்லை. நீர் நம்பினா நம்பும், விட்டா விடும், சிரிக்க மட்டும் கூடாது.

நாங்கள் எண்பத்தாறிலை லண்டனுக்கு வந்தனாங்கள், மகன் கூப்பிட்டு. இவர் ஊரிலை றெயில்வேயிலை கிளாக்கர், மீன் எண்டால் சோத்துக் கோப்பையிலை தான் தெரியும், சந்தைக்குப் போறதும் நான் தான். இஞ்சை வந்து பார்த்தா மகன் இரவு ஷிப்ட், மருமகள் பகல் ஷிப்ட், பேரப்பிள்ளை நேசரியிலை. நாங்கள் ரெண்டு பேரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு இந்தக் குட்மேய்ஸ் வீட்டிலை. எதிர்வீட்டிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவன், மனிசி செத்துத் தனிய இருந்தவன், அவன் தான் இவருக்கு ஒரு தூண்டில் தடியைக் குடுத்துக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனது. பிறகு அவனை வயசாளியளின்ரை இல்லத்திலை கொண்டு போய் விட்டிட்டினம். தடி எங்களோடை நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு இவர் தனியப் போகத் தொடங்கினவர், கிழமையிலை மூண்டு நாள். வெள்ளிக்கிழமை மட்டும் போகமாட்டார், மரக்கறி நாளிலை பிடிச்சால் ஆர் தின்னுறது எண்டு.

அவருக்குக் கடல் கிடைச்சிட்டுது. எனக்கு என்ன கிடைச்சது? இங்கிலீசு தெரியாது, எழுத்துத் தெரியாது. கதவு ஓட்டைக்குள்ளாலை கடுதாசி விழுற சத்தம் தான் எனக்கு ஆள் வந்த சத்தம். எடுத்துத் தடவிப் பார்ப்பன். மெல்லிசா இருந்தா ஊர்க் கடுதாசி, தடிப்பா இருந்தா கவுன்சில். பின்னேரம் ஆரும் வந்து வாசிக்கும் மட்டும் அந்த மெல்லிசை மடியிலை வச்சுக்கொண்டு இருப்பன்.

ஒருநாள் வாய் பொறுக்கேல்லை, "மீனோடையே போய்க் குடியிருங்கோ" எண்டு சொல்லிப்போட்டன். சொல்லிப்போட்டு மூண்டு நாள் கதைக்கேல்லை. சோறு போடுவன், தேத்தண்ணி வைப்பன், வாய் திறக்கமாட்டன். மூண்டாம் நாள் விடிய அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சொல்லுறார், "இஞ்சாரும், நீரும் வாரும். கோபத்தையும் கொண்டு வாரும், றெயினிலை இடம் இருக்கு." எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டேல்லை. புட்டையும் சம்பலையும் கட்டிக்கொண்டு, சீலைக்கு மேலை மகன்ரை கோட்டையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டனான்.

சவுத்எண்ட், பிள்ளை. கடல் எண்டு சொல்லவும் ஏலாது, லண்டன் ஆறு போய் விழுற பெரிய வாய் அது. தண்ணி வத்தினா கண்ணுக்கெட்டின தூரம் சேறு தான். வைகாசி மாசம், குளிர் விட்டும் விடாத நேரம். அப்ப தானாம் நண்டு கோது கழட்டுறது, அதைத் தின்னத்தான் கொடுவா கரைக்கு வருமாம். எனக்கு அதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர் றெயினிலை, நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தனான். தண்ணி திரும்பி வரமுந்தி சேத்துக்குள்ளை போய்ப் புழுக் கிண்டோணும், தூண்டிலுக்கு. என்னைக் கரையிலை ஒரு வாங்கிலை இருத்தி, தடியையும் பக்கத்திலை சாத்தி வச்சிட்டு, வாளியும் சேறு கிண்டுற இரும்பு முள்ளும் கொண்டு இறங்கினவர். "அரை மணித்தியாலம்" எண்டவர். நான் ஓமெண்டும் சொல்லேல்லை.

போய்ப் போய் ஒரு பெருவிரலளவு ஆனார். பிறகு புளியங்கொட்டை அளவு. நான் பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணியை ஊத்தக் குனிஞ்சு நிமிர, கடலைக் காணேல்லை. உண்ணாணைச் சொல்லுறன் பிள்ளை, அவ்வளவு தான் நேரம். வெள்ளையாப் பனிப்புகார் வந்து மூடிப்போட்டுது. என்ரை சப்பாத்தே எனக்குத் தெரியேல்லை. கரையிலை வேறை ஒரு குஞ்சும் இல்லை. எங்கையோ தூரத்திலை கப்பலொண்டு ஊதினது, அதுவும் எந்தப் பக்கமெண்டு விளங்கேல்லை. அந்தத் தண்ணி நேர வராது, வாய்க்கால் வாய்க்காலாச் சேத்தைச் சுத்தி முதுகுப் பக்கத்தாலை வரும், அந்த வெள்ளைக்காரன் தானே இவருக்குச் சொன்னவன், இவர் அதை என்னட்டைப் பெரிய வீரமாச் சொன்னவர்.

எழும்பிக் கூப்பிட்டன். என்னெண்டு கூப்பிடுறது சொல்லும்? "இஞ்சாருங்கோ." நாப்பது வருஷமா எனக்குத் தெரிஞ்ச கூப்பிடு அது தான். அது குசினியிலை நிண்டு ஹோலுக்குக் கூப்பிடுற கூப்பிடு, கடலுக்குக் காணாது. ரெண்டு தரம் சொன்னன், என்ரை கோட்டுக் கொலருக்கே கேட்டிருக்காது. பேரைச் சொல்லிக் கூப்பிடோணும் எண்டு தெரியுது. வரேல்லை. புருஷன்ரை பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு குறையும் எண்டு என்ரை அம்மா வளர்த்தவ. டாக்குத்தரிட்டைப் போனாலும் அவற்றை கார்ட்டைக் கைப்பையாலை எடுத்து நீட்டுறது தான், சொல்லுறதில்லை. உதுகளை நம்பமாட்டன் எண்டு இவ்வளவு நேரமும் உமக்குச் சொன்னவள், அண்டைக்கு அதை நம்பிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டனான். மனுசன் தாழப்போகுது, நான் வாய் திறக்கேல்லை. இது தான் நான் ஒருத்தருக்கும் சொல்லாதது.

எவ்வளவு நேரமெண்டு தெரியாது. தண்ணி சளக் சளக்கெண்டு கல்லிலை முட்டுற சத்தம் கேக்கத் தொடங்கிட்டுது. அதுக்குப் பிறகு புகாருக்குள்ளாலை ஒரு கறுப்பு வந்தது. இவர் தான். தொடை மட்டும் நனைஞ்சு, வாளியில்லை, முள்ளில்லை, ஒரு காலிலை சப்பாத்தில்லை. வந்து என்ரை ரெண்டு கையையும் பிடிச்சவர், வெளியிலை, பகலிலை, பிள்ளை. "நல்ல காலம் நீர் கூப்பிட்டது" எண்டார்.

நான் அவற்றை சப்பாத்தில்லாத காலைப் பார்க்கிறன்.

"நான் கரையெண்டு நினைச்சுக் கடலுக்கெல்லே நடந்து போய்க்கொண்டிருந்தனான். முழங்காலுக்குத் தண்ணி வந்திட்டுது. அப்ப பின்னாலை நீர் பேர் சொல்லிக் கூப்பிட்டனீர். முதல் தரம் நித்திரையிலை இருக்கிற ஆளை எழுப்பிற மாதிரி மெல்ல. ரெண்டாந்தரம் உரத்து. மூண்டாந்தரம் பாதிப் பேரோடை நிண்டிட்டுது. வாறன் வாறன் எண்டு கத்திக்கொண்டு திரும்பி நடந்தனான்." பிறகு கேக்கிறார், "ஏன் தொண்டை கட்டிப்போச்சே உமக்கு? பக்கத்திலை என்ன குருவி நிண்டது? கீக், கீக் எண்டு ஒரே கணக்கா. நீர் நிப்பாட்டினாப் பிறகு அந்தக் குருவியைப் பிடிச்சுக்கொண்டு தான் வந்தனான்."

எனக்குத் தொண்டையும் கட்டேல்லை, குருவியும் நிக்கேல்லை. மூண்டு நாளைக்குப் பிறகு நான் அவரோடை கதைச்ச முதல் கதை, "மற்றச் சப்பாத்து எங்கை?"

புகார் கலைஞ்சாப்பிறகு என்ன செய்தவர் தெரியுமே? வீட்டை போவமெண்டு நான் சொல்ல, புழு இல்லாட்டியும் பரவாயில்லையெண்டு கல்லுக்குள்ளை ரெண்டு நண்டைப் பிடிச்சு, ஒத்தைச் சப்பாத்தோடை நிண்டு தூண்டில் எறிஞ்சவர். அண்டைக்குத் தான் பெரிய கொடுவா பட்டது, உந்த மீனை விட ரெண்டு மடங்கு. பேப்பரிலை சுத்தி மடியிலை வச்சுக்கொண்டு வந்தம், வால் வெளியிலை, றெயினிலை ஆக்கள் எல்லாம் விலகி இருந்தவை. நான் தான் வெட்டினனான். யோசனையிலை பித்தை உடைச்சுப்போட்டன், பாதி மீன் கசந்தது. அவர் கசப்பையும் ருசியெண்டு தின்னுறார்.

வெஸ்ட் ஈலிங் கோயிலிலை கண்ட கண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னவர். "என்ரை மனிசி கடலுக்கு முன்னாலை நிண்டு என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவ." பொம்பிளையள் என்னைப் பார்த்துச் சிரிப்பினம். நான் பொய் சொல்லேல்லை பிள்ளை. இல்லையெண்டும் சொல்லேல்லை. அந்த மனுசன் என்னிலை அவ்வளவு சந்தோசப்பட்டது அப்ப தான், அதைப் பறிக்க மனம் வரேல்லை. இல்லையெண்டு சொன்னா, அப்ப ஆர் கூப்பிட்டது எண்டு கேப்பார். அவர் கடலுக்குப் போற நாளிலை தனிய இருந்து யோசிப்பன், என்ரை குரலை வச்சுக்கொண்டு எங்கையோ ஒருத்தி நிக்கிறாள் எண்டு. கோப்பை கழுவேக்கை பைப்பை நிப்பாட்டிப்போட்டுக் காது குடுத்துக்கொண்டு நிண்டிருக்கிறன்.

ஆறேழு வருஷம் போச்சு. இவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியிலை. எனக்கும் அந்த நேரம் தடிமன், தொண்டை அடைச்சுப் போச்சு. பகல் முழுக்க நான் தான் பக்கத்திலை இருக்கிறது. ஒருநாள் கேட்டார், "அண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி ஒருக்காக் கூப்பிடும்." "சும்மா இருங்கோ, ஆக்கள் நிக்கினம்" எண்டு சொல்லிப்போட்டன். அடுத்த நாளும் கேட்டார், சிரிச்சு விட்டிட்டன். மூண்டாம் நாள் அவர் கேக்கேல்லை. கண் மூடினபடி. நான் கதைச்சாலும் மறுமொழி இல்லை.

பின்னேரம் மூண்டு மணி இருக்கும், யன்னலுக்கு வெளியிலை நல்ல வெய்யில். சரி, இனி ஆயுசைப் பற்றிப் பயந்து என்ன எண்டு, குனிஞ்சு காதுக்குள்ளை பேரைச் சொன்னன். மெல்ல, நித்திரையாலை எழுப்பிற மாதிரி. அசையேல்லை. ரெண்டாந்தரம் உரத்துச் சொன்னன், கட்டின தொண்டையோடை. நேர்ஸ் ஓடி வந்து தோளிலை கையை வச்சாள், மூண்டாந்தரம் பாதிப் பேர் வாய்க்குள்ளையே நிண்டிட்டுது. நான் நிப்பாட்டினாப் பிறகு தான் கேட்டது பிள்ளை. கட்டிலுக்கு மேலை நெஞ்சுத் துடிப்புப் பார்க்கிற மெசின். கீக், கீக். ஒரே கணக்கா.

அவர் கண் திறக்கேல்லை. ஆனா "ஓம், வாறன், வாறன்" எண்டவர். போர்வைக்குள்ளை ரெண்டு காலும் அசைஞ்சது, ஒண்டை இழுத்து மற்றதை வச்சு, சேத்துக்குள்ளாலை நடக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்திலை ஒரு காலை மட்டும் குளிருற மாதிரிச் சுருட்டினவர். பிறகு முகத்திலை ஒரு சிரிப்பு வந்தது, கரையிலை என்ரை கையைப் பிடிக்கேக்கை இருந்த அதே சிரிப்பு. விடிய முந்திப் போயிட்டார்.

விளக்கம் கேளாதையும். அண்டைக்குக் கரையிலை நிண்டு நான் கூப்பிடேல்லை. ஆனா கூப்பிட்டது நான் தான். எனக்கு அது ஒரு சந்தோசம், அந்த மனுசனை நான் ஏமாத்தேல்லைத் தானே, கொஞ்சம் பிந்திக் கூப்பிட்டனான், அவ்வளவு தான். ஆனா ரெண்டு தரம் மாட்டன் எண்டு சொன்னனான் எல்லோ. மூண்டாம் நாளும் வெக்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருந்தா, அண்டைக்கு அந்தச் சேத்துக்குள்ளை அவர் எந்தப் பக்கம் நடந்திருப்பார்? இதை நினைச்சா இப்பவும் எனக்குக் கை குளிரும், தொட்டுப் பாரும், மீன் தண்ணியாலை இல்லை.

என்னது, பேரோ? ஏன், அவற்றை பேர் என்னெண்டு நான் சொல்லேல்லையோ? சொல்லமாட்டன் பிள்ளை. ஒருக்காச் சொன்னது அவ்வளவு தூரம் போய்க் கேட்டிருக்கு. இப்ப இந்தக் குசினிக்குள்ளை நிண்டு சும்மா சொல்ல, அது எந்த நாளிலை போய் அவருக்குக் கேக்குமோ, எங்கையோ ஒழுங்கா நடந்து போய்க்கொண்டிருக்கிற மனுசன் திரும்பிப் பார்ப்பாரோ. மகனைக் கேளும், அவன் சொல்லுவான்.

யன்னலைப் பாரும், தூறுது. மகன்ரை ஷிப்ட் சேட்டு ரெண்டும் கொடியிலை, நாளைக்கு அவனுக்கு வேணும். உந்த மீனை மஞ்சள் போட்டு இன்னொருக்காக் கழுவும், பித்திலை மட்டும் கத்தி படாமல் பாரும், நான் உடுப்பை எடுத்துக்கொண்டு வாறன்.