வடத்தில் நின்று எழுதியவர்

உலகப்போர் தொடங்குவதற்கு முந்தின வருசம், உடுவிலில் எங்கள் கோயில் தேருக்கு ஒரு வாத்தியார் வந்திருந்தார். குருநகர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; சமயங்களை ஆராய்பவர். ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. எதைக் குறித்தாலும், தாம் நின்ற இடத்தைத்தான் முதல் வரியில் எழுதுவார்.

"வடத்திலை ஒரு கை போடுங்கோவன், மாஸ்ரர்," என்றேன்.

"இழுத்தால் ஒரு பக்கம் சாய்ஞ்சு போடுவன், தம்பி. பிறகு உள்ளதை உள்ளபடி எழுதேலாது."

தெற்கு வீதி மணலில் தேர் புதைந்தது. மூன்று முறை இழுத்தும் அசையவில்லை. திடீரென்று மாஸ்ரர் சட்டையைக் கழற்றி, குறிப்பெழுதும் கொப்பியை அதில் சுற்றி வைத்துவிட்டு, ஓடிவந்து எனக்குப் பின்னால் வடத்தைப் பிடித்தார்.

"உங்கடை சேர்ச் சுவாமியார் அறிஞ்சால்?" என்றேன்.

"அதையும் எழுதுவன். இழு!"

அரோகரா! தேர் கிளம்பிவிட்டது. எல்லாரையும்விட அவர் சத்தம்தான் பெரிது.

தேர் இருப்பிடம் வந்ததும் மண் கையோடே எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

"நின்ற இடம்: வடத்தில். இங்கிருந்து சாமி தெரியாது. முன்னால் இழுப்பவரின் முதுகுதான் தெரியும்."

பதினைந்து வருசம் வடம் பிடித்த எனக்கு இது தோன்றியதே இல்லை. அது புத்தகமாக வந்ததோ, அறியேன். வந்திருந்தால், அதில் இருக்கும் முதுகு என்னுடையது!