நாலு மரமும் ஒரு வட்டமும்

பொது வாய்மொழித் தேர்வு என்பது எங்கள் பக்கத்தில் பாதி பரீட்சை, பாதி வளைகாப்பு. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவர் மேடையில் நின்று பதில் சொல்வார். சொந்தக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் தலையாட்டுவார்கள். முடிந்ததும் கேசரி, வடை. பட்டம் உறுதி என்று தெரியாமல் யாரும் கேசரிக்குச் சொல்வதில்லை. நானும் சொல்லிவிட்டேன். எரியோட்டிலிருந்து அப்பா ஒரு வேன் பிடித்து, சொந்தபந்தத்தை எல்லாம் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கல்லூரி ஆய்வகத்தில் என் புரோகிராம் நிற்க மறுத்தது.

என் ஆராய்ச்சி புள்ளிகளைப் பற்றியது. சிதறிக் கிடக்கும் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். "ஓட்டைக்கெல்லாமா டாக்டர் பட்டம் குடுக்குறாக?" என்று அத்தை ஒருமுறை கேட்டு, நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நாலு புள்ளிகள் இருந்தால் நடுவில் குறுக்குக் கோட்டை இப்படியும் போடலாம், அப்படியும் போடலாம். மட்டமான கோட்டை நல்ல கோடாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். மாற்ற ஒன்றும் மிச்சமில்லாதபோது புரோகிராம் நிற்கும். நின்றே தீரும், விடையும் ஒன்றே ஒன்றுதான் வரும் என்பது என் மூன்றாம் அத்தியாயம். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தன.

அந்த அத்தியாயத்தின் முதல் வரி: 'புள்ளிகள் பொதுநிலையில் இருப்பதாகக் கொள்வோம்.' எங்கள் துறையில் இதைப் பிள்ளையார் சுழி மாதிரிப் போட்டுவிட்டு மேலே போய்விடுவோம். நாலு புள்ளிகள் ஒரே வட்டத்தின் மேல் வராது என்று அதற்கு அர்த்தம். கணினியிடம் தாறுமாறாகப் புள்ளி போடச் சொன்னால் வரவும் வராது. அத்தனை வருடமும் நான் அப்படித்தான் சோதித்தேன். ஒரு தடவைகூட வந்ததில்லை.

அப்பா சந்தோஷப்படட்டும் என்று எங்கள் தென்னந்தோப்பை ட்ரோனில் படம் எடுத்துக் கடைசி ஸ்லைடாகக் காட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பட்டுப்போன மரங்களின் இடம் ஓட்டையாகத் தெரியும், கைதட்டுவார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். அப்பா கயிறு பிடித்துச் சதுரம் சதுரமாக நட்ட மரங்கள் அவை. மரங்களின் இடத்தை முழு அடிக் கணக்குக்குத் திருத்தியதும் நாலு நாலு மரமும் கச்சிதமாக ஒரே வட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. இரண்டு குறுக்குக் கோடுகளும் சமம். என் புரோகிராம் இதை அதாக மாற்றியது, உடனே அதை இதாக மாற்றியது.

சமமாக இருந்தால் மாற்றாதே என்று ஒரே ஒரு குறியைத் திருத்தினால் புரோகிராம் நின்றுவிடும். ஆனால் விடை ஒன்றுதான் என்பது போய்விடும், அது போனால் மூன்றாம் அத்தியாயமே போய்விடும். பட்டம் இல்லையென்றால் அடுத்த ஜூனில் இந்தக் கல்லூரியில் எனக்கு வேலையும் இல்லை.

என் வழிகாட்டியான மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்தத் தூக்கிரும்மா. பொதுநிலைன்னு எழுதித்தானே வச்சிருக்கோம்."

"ஆய்வுத் தலைப்புலயே தோப்புக்கும் வயலுக்கும்னு போட்டிருக்கோமே மேடம்? எந்தத் தோப்பு பொதுநிலையில இருக்கு?"

"கேசரி வந்து எறங்கிருச்சும்மா," என்றார். படத்தைத் தூக்கிவிட்டேன்.

தேர்வு நன்றாகவே போனது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. பிறகு வழக்கம்போல அவையைப் பார்த்து, "யாராவது கேள்வி கேக்கலாம்," என்றார். இது சும்மா ஒரு சடங்கு. முன்கூட்டியே சொல்லிவைத்த இரண்டு பேர், சொல்லிக்கொடுத்த கேள்விகளைக் கேட்பார்கள். கேட்டார்கள். மேடம் அப்போதுதான் தண்ணீர் குடித்தார்.

முன்வரிசையில் அப்பாவின் கை உயர்ந்தது.

"நம்ம தோப்புப் படம் காட்டுறேன்னியேம்மா? இம்புட்டுப் பேரும் அதுக்குத்தானே வந்திருக்கோம்."

அரங்கம் சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். "காட்டுங்களேன், நானும் பாக்குறேன்," என்றார்.

ஃபைலைக் கொண்டுவரவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மேடம் என்னைப் பார்க்காமல் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலைத் திறந்து ஓடவிட்டேன்.

"அந்தா நம்ம மோட்டார் ரூமு!" என்று யாரோ கத்த, கைதட்டல் எழுந்தது. தேர்வாளர் தட்டவில்லை. மரங்களுக்கு நடுவே கோடுகள் மாறி மாறித் துடிப்பதைப் பார்த்தபடி இருந்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"இது எப்பம்மா நிக்கும்?"

"நிக்காது சார்."

"ஏன்?"

"நாலு மரம் ஒரே வட்டத்துல இருக்கு சார். என் மூணாவது அத்தியாயம் இதுக்குச் செல்லாது."

கைதட்டல் அடங்கியது. எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது, முடிவை மேடமே வந்து சொன்னார். இன்று பரிந்துரை இல்லை. மூன்றாம் அத்தியாயத்தையும் அதன் மேல் நிற்பதையும் திருத்தி எழுத வேண்டும், பிறகு மறுபடியும் தேர்வு. கேசரியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கல்யாணம் நின்ற வீட்டில் சாப்பிடுவது போலச் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள்.

அப்பா சாப்பிடவில்லை. வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார். எனக்கு எல்லார் மேலும் கோபமாக வந்தது, அவரைத் தவிர.

"நான் கேட்டிருக்கக் கூடாதோ?" என்றார்.

"நீங்க கேக்கலைன்னா நான் காட்டியிருக்கவே மாட்டேன்."

"நம்ம மரத்துல என்ன கோளாறு கண்டாரு அவரு?"

"மரத்துல ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் சரியா நேரா இருக்கு. நேரா இருந்தா நான் எழுதினது தப்பாப் போகுது."



"அப்ப நான் கோணலா நட்டிருந்தா, இன்னைக்குப் பட்டம் குடுத்திருப்பாக?"

"குடுத்திருப்பாகப்பா."

"தப்போடவா?"

"தப்போடத்தான்," என்றேன்.