பனிமலையில் எங்கே தங்குவது?

இந்த நாட்டில் சொந்த வீட்டுக்குள்ளேயே பிள்ளையின் அறைக் கதவைத் தட்டிவிட்டு, பதில் வரும்வரை வெளியே நிற்க வேண்டும். சுவிசுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது மட்டும் பழகவில்லை. இலங்கையில், ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்துக் காம்பராவில், அந்த வரிசைவீட்டு ஒற்றை அறையில், உள்ளே கதவே கிடையாது. அம்மாவின் பழைய சேலையைக் கயிற்றில் போட்டு மறைத்திருந்தோம். கோபித்துக்கொண்டு தனியாகப் போய் நிற்க வேண்டுமென்றால் தண்ணீர்ப் பீலிக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் யாராவது குடத்தோடு நிற்பார்கள். அது நல்ல வாழ்க்கை என்று நான் சொல்ல வரவில்லை. மழைக்கு ஒழுகும், அடுப்புப் புகையில் கண் எரியும். அந்தக் கஷ்டம் பிள்ளைக்கு வேண்டாமென்றுதான் அவனுக்குத் தனி அறையும் பூட்டும் கொடுத்தேன். இப்போது அதே கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிறேன்.

என் மகன் நிரோஷன் இங்கே பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்துத் தொழில் பழகப் போய்க்கொண்டிருந்தவன், போன வருடம் ஒருநாள் போகவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தோம். பிறகு அவன் எங்கேயும் போகவில்லை. எங்களோடு சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. தட்டை வைத்தால் எடுத்துக்கொள்வான், நாங்கள் தூங்கின பிறகு கழுவி வைத்துவிடுவான். கேட்டதற்குத் தலையை ஆட்டுவான். அப்புறம் அதுவும் குறைந்துபோனது. நான் ஆசுப்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே மெஷின்களின் இரைச்சலில் நின்று அழுதால் யாருக்கும் கேட்காது. அது எனக்கு முருகன் செய்த உதவி என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாவிடம் எங்களை அனுப்பினார்கள். அவர் என்னிடம், உங்கள் மகனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். பருப்பும் கிழங்குப் பிரட்டலும் என்றேன். அவர் எழுதிக்கொண்டு, அவன் யார், எதில் சந்தோஷப்படுவான் என்று திருப்பிக் கேட்டார். நான் மறுபடியும் சாப்பாட்டைத்தான் சொன்னேன். எனக்கு வேறு தெரியவில்லை. வெளியே வந்ததும் என் மனைவி ராணிதான் சொன்னாள், அவன் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்களே, திரும்பி வந்து ஒரு வாரம் வாய் மூடாமல் பேசினானே என்று. அன்று சாயந்தரம் கதவுக்கு முன்னால் நின்று, "தம்பி, பனிக்குப் போவமா?" என்று கேட்டேன். சாமி விளக்குக்கு எண்ணெய் விடத் திரும்பினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"எங்க தங்குறது?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அடுப்பில் நின்ற ராணி குசினியிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிழையான பதிலைச் சொல்லிவிட்டால் இனி ஒரு கேள்வியும் வராது என்று எங்களுக்குப் பயம்.

கண்டிப் பக்கமிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். நமக்குப் பயணம் என்றால் வேன் பிடிப்பதும் சட்டிபானை ஏற்றுவதும்தான். தங்குவது போன இடத்து மடத்தில். இங்கே அப்படியில்லை. பயண முகவர் கடையில் இருந்த பெண் மூன்று விதம் இருக்கிறது என்றாள். ஒன்று ஹோட்டல். இன்னொன்று ஷாலே, மரவீடு. அறை தனி, ஆனால் சமைத்துப் போட ஆள் இருப்பார், வந்தவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். மூன்றாவது ஃபேரியன்வோனுங், அதாவது விடுமுறை வீடு. கதவைப் பூட்டித் திறக்கத் திறப்பைத் தருவார்கள், நாமே சமைத்துக்கொள்ளலாம். அமைதியான இடமாக வேண்டுமா என்று கேட்டாள். ஐயோ, அமைதி வேண்டாம், எங்கள் வீட்டில் அமைதி அதிகம் என்றேன். அவள் சந்தோஷமாக, இரவெல்லாம் பாட்டும் ஆட்டமும் இருக்கிற ஒரு ஹோட்டலின் படத்தை எடுத்துக் காட்டினாள்.

சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்கிற சிவம் யாழ்ப்பாணத்துக்காரர். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். நான் சொன்னதைக் கேட்டு, "உங்கட தேயிலை மலையில சறுக்கி விழுந்தது போதாதெண்டு இஞ்சயும் விழப் போறியளோ அண்ணை?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஹோட்டலைப் போடுங்கோ. அண்ணிக்கும் ஆறுதலா இருக்கும்" என்றார்.

ஹோட்டல் மட்டும் வேண்டாம் என்றேன். காரணம் இருக்கிறது. இங்கே வருவதற்கு முன் நான் கண்டியில் வாவிக்கு மேலே இருந்த ஒரு ஹோட்டலில் ரூம் பாயாக இருந்தேன். தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டை கதவில் தொங்கினால் தட்டக்கூடாது என்பது அங்கே சட்டம். ஒருமுறை வெள்ளைக்காரர் ஒருவரின் கதவில் அந்த அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. மெனேஜரிடம் சொன்னேன், அது அவருடைய உரிமை, நீ உன் வேலையைப் பார் என்றார். பெரஹரா ஊர்வலம் நடக்கிற திருவிழாக் காலம், எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை. கடைசியில் மாற்றுத் திறப்பால் திறந்து பார்த்தபோது அந்த மனிதர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். உயிர் இருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அவர் கண் திறந்துதான் இருந்தது. நாங்கள் தாழ்வாரத்தில் நடந்த சத்தமெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். என் மகனுக்கு அப்படி ஒரு அட்டை தொங்குகிற கதவை நானே தேடிப் பிடித்துக் கொடுக்கமாட்டேன்.

ஷாலேயை ராணி வேண்டாம் என்றாள். தை மாதம், வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு விரதம், மாட்டிறைச்சி வெந்த சட்டியில் சமைத்ததை அவள் தொடமாட்டாள். ஆனால் அவள் சொன்ன காரணம் அதுவல்ல. "முன்னப்பின்ன தெரியாதவங்க மேசையில அவன உட்கார வச்சா, தம்பி என்ன படிக்கிறீங்க, என்ன வேல செய்றீங்கன்னு கேப்பாங்க. பிள்ள என்னங்க சொல்லும்?" என்றாள்.

ஹேவாஹெட்டையில் இருக்கும் என் தங்கச்சி போனில் கேட்டுவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஏசினாள். "அண்ணே, கதிர்காமம் போற மாதிரி அரிசி பருப்பக் கட்டிக்கிட்டுப் போங்க. நம்ம கையால ஆக்கிப் போட்டாத்தான் பிள்ள கிட்ட வரும்." அவளிடம் நிரோஷனுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சொல்லியிருக்கிறோம். முழுவதையும் சொல்ல எங்களுக்கே வார்த்தை இல்லை. நான் கதவருகே போய், "தம்பி, வீடு எடுத்துத் தங்கலாம். அம்மா சமைப்பா" என்றேன். சரி என்றான். அந்த ஒரு சொல்லுக்குச் சாமியறையில் விழுந்து கும்பிட்டேன்.

புறப்படும் நாளில் நிரோஷன் தானாகவே பையோடு வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டான். சிவம் இரவல் தந்த காரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்தேன். மேல்வீட்டுக் கிழவி ஜன்னலால் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நான் இஞ்சினைக் கிளப்புவதற்குள், பனியில் குனிந்து அத்தனை காயையும் பொறுக்கி, தன் கோட்டில் துடைத்து, உங்களுடையது விழுந்துவிட்டது என்று கார் ஜன்னல் வழியாக ராணியின் மடியில் போட்டார். நன்றி சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய? "கண்ணூறு கழிக்க வச்சத மடியில கொண்டாந்து குடுத்துட்டாங்களே, முருகா" என்று ராணி முனகினாள். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிடந்தவனின் உதடு அசைந்ததுபோல இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

விடுமுறை வீடு மூன்றாம் மாடியில், மரவாசனையோடு சுத்தமாக இருந்தது. எங்களுக்கு ஒரு அறை, அவனுக்கு ஒரு அறை. அவன் சப்பாத்தைக் கழற்றினான், பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான், கதவைச் சாத்தினான். அவ்வளவுதான். அதே கதவு. இத்தனை மலை ஏறி, அதே கதவைத்தான் சுமந்துகொண்டு வந்திருக்கிறோம். ராணி அரிசிப் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கடவுளிடம் கோபம் வந்தது. உள்ளதைச் சொன்னால் என்ன, அன்றைக்கு முருகன்மேல் எனக்கிருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் கைக்கு அது தெரியவில்லை. புது வீட்டுக்குள் நுழைந்தால் பால் காய்ச்ச வேண்டும் என்று ராணியின் கை பாலை எடுத்து அடுப்பில் வைத்தது. என் கை பையிலிருந்து முருகன் படத்தை எடுத்துக் குசினி மேசையில் சாத்தி வைத்தது. ஒரு கட்டி சூடம் போதும். மனசு ஆறாமல் பெட்டியிலிருந்த அத்தனையையும் தட்டில் குவித்துக் கொளுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, இவனை எனக்குத் திருப்பிக் கொடு என்று மட்டும் கேட்டேன்.

தலைக்கு மேலே கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கியது. ஒன்று கத்தியதும் மாடிப்படியெங்கும் மணி அடித்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கட்டடத்தில் இருந்தவர்கள் காலுறையோடும் சறுக்குச் சப்பாத்தோடும் வெளியே பனிக்கு ஓடுவது ஜன்னலில் தெரிந்தது. கட்டடக் காவலர், ஹவுஸ்வார்ட் என்பார்கள், கதவை இடித்துக்கொண்டு வந்து நின்றார். அவர் கேட்டது எதுவும் எனக்கு விளங்கவில்லை. நான் பழகிய கொஞ்ச ஜெர்மனும் எங்கேயோ போய்விட்டது. எரிந்து அடங்கிய தட்டைத் துணியோடு பிடித்துப் பின்னால் மறைத்துக்கொண்டு, மன்னிக்கவும், மன்னிக்கவும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குரலை உயர்த்தியபோது நெருப்பு என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது.

அப்போது அறைக் கதவு திறந்தது. நிரோஷன் வெறுங்காலோடு வந்தான். முதலில் ஜன்னலைத் திறந்தான். அடுப்பை நிறுத்தினான். என் கையிலிருந்த தட்டைத் துணியால் பிடித்து வாங்கி வாளித் தண்ணீரில் வைத்தான். பிறகு அந்த மனிதருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று பேசினான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. எனக்கு விளங்கினது கொஞ்சம்தான். நெருப்பு இல்லை, என் அப்பா கும்பிட்டார், புது வீட்டுக்கு வந்தால் நாங்கள் இப்படித்தான் செய்வோம், அவரிடம் சத்தம் போடாதீர்கள். அப்படிச் சொன்னான். அந்த மனிதர் படத்தைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், ஏதோ முணுமுணுத்துவிட்டு மணியை நிறுத்தப் போனார். கீழே நின்றவர்களிடமும் நிரோஷனே இறங்கிப் போய்ச் சொன்னான். சப்பாத்தைப் போட மறந்துவிட்டான். மேலே வந்தபோது அவன் கால் சிவந்திருந்தது. ராணி சட்டியில் மிஞ்சிய பாலில் சீனி போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே குடித்தான்.

"எதுக்குப்பா இவ்வளவு சூடம்?" என்று கேட்டான்.

"உனக்காகத்தாம்பா."

"இங்க இருந்து கும்பிட்டா முருகனுக்குக் கேக்குமா?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் முருகன் படத்தில் படிந்த கரியைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கதவு சாத்தியே இருந்தது. பருப்பும் கிழங்கும் வாசலில் வைத்தோம். கடைசிக்கு முதல்நாள் காலையில் அவனாகவே வந்து, சறுக்குப் பலகையும் தடியும் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டான். வாடகைக் கடை வாசலில் நான் திருநீற்றை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றேன். அவன் தலையைக் குனிந்தான். பூசினதும் அதன்மேல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான்.

மேலே போகும் கம்பிவண்டிக்கு அவனுக்கு மட்டும்தான் டிக்கெட். நான் அடிவாரத்தில் வேலைக்குப் போடும் சப்பாத்தோடு நின்றேன். சின்ன வயதில் ஹேவாஹெட்டையில் எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்குள் அம்மா எது என்று நான் ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். முகம் தெரியாத தூரம்தான். அம்மா குனிகிற விதம் போதும். இங்கே மலை முழுக்க வெள்ளை, அதில் புள்ளி புள்ளியாக மனிதர். எல்லாருக்கும் ஹெல்மெட், எல்லாருக்கும் கறுத்தக் கண்ணாடி. எல்லாரும் குனிந்துதான் வருகிறார்கள். என் பிள்ளை எது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இறங்கி வந்த ஒவ்வொரு புள்ளிக்கும் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உயரத்தில் ஒரு புள்ளி நின்று சறுக்குத் தடியைத் தூக்கியது. எனக்கா, வேறு யாருக்காவதா என்று தெரியாது. நானும் கையைத் தூக்கினேன். அது மறுபடி நகர்ந்து மற்றவற்றோடு கலந்துவிட்டது. தூக்கின கையை நான் இறக்கவில்லை.