மக்காச்சோளத்தில் சுண்ணாம்பு

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றாலே எனக்குப் பயம். அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், "மாயா பத்திப் பேசணும் மா" என்றாள்.

"யாரு, உன் கிளாஸ் பொண்ணா?"

சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பினாள். காட்டுக்கு நடுவே கல் கோபுரங்கள். மாயா என்பது ஒரு பழங்கால இனமாம். பூஜ்யத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்தவர்களாம். வானத்தில் வெள்ளி கிரகம் எப்போது தெரியும், எப்போது மறையும் என்று கணக்கு வைத்திருந்தார்களாம். அப்புறம் மழை பொய்த்து, ராஜாக்கள் ஓயாமல் அடித்துக்கொண்டு, ஊர்களைக் காடு மூடிவிட்டதாம். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: காணாமல் போனார்கள். கூடவே வகுப்புக்கு அவர்கள் சாப்பாடு ஏதாவது செய்து கொண்டுபோக வேண்டும்.

ஹில்க்ராஃப்ட் தெருவில் இருக்கும் நம்ம ஊர் டிபன் கடையில் என்னோடு மாவரைப்பவள் குவாத்தமாலாக்காரி. நான் அவளை அக்கா என்பேன், அவளும் என்னை அக்கா என்பாள். யார் மூத்தவள் என்று இருவருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் அரைகுறை இங்கிலீஷில்தான். அவளிடம் சொன்னேன். "அது எங்க ஆளுங்க. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர்றேன்" என்றாள்.

மக்காச்சோளம் ஊறிய பாத்திரத்தோடு வந்தாள். தண்ணீர் மஞ்சளாக, கொழகொழவென்று இருந்தது. என்ன போட்டாய் என்று கேட்டேன். பொட்டலத்தைக் காட்டினாள். சுண்ணாம்பு.

வெற்றிலையில் ஒரு துளி கூடினாலே நாக்கு வெந்துபோகும். இவள் பாத்திரத்துக்கே போட்டிருக்கிறாள். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகி, போலீஸ் வந்து, கிரீன் கார்டும் போய், என் மனசு ஏர்போர்ட் வரைக்கும் போய்விட்டது.

"தோல் கழண்டாத்தான் மாவு சேரும் அக்கா" என்று சோளத்தை அலசிக்கொண்டே இருந்தாள்.

மகள் இங்கிலீஷில், ஆயிரக்கணக்கான வருஷமாக இதைத்தான் சாப்பிட்டார்கள் என்றாள்.

"சாப்பிட்டவங்கதானே காணாமப் போனாங்க?" என்றேன் தமிழில்.

என்ன சொன்னேன் என்று அக்கா கேட்க, மகள் ஸ்கூலில் படித்த ஸ்பானிஷில் போட்டுக்கொடுத்துவிட்டாள். அக்காவின் கை நின்றது. கோபம்தான் என்று நினைத்தேன்.

"காணாமப் போனேனா? அப்போ கடையில இட்லிக்கு யாரு அரைக்கிறா?" என்று சிரித்தாள். "கோபுரத்தை விட்டுட்டு வந்தோம். சோளத்தை விடலை. எங்க பாஷையையும் விடலை."

அவள் தன் அம்மாவிடம் போனில் பேசுவது ஸ்பானிஷ் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தோசைக்கல்லில் வெந்த முதல் ரொட்டியை நான்தான் தின்றேன். நாக்கு வேகவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு மகளுக்குக் கொடுத்தேன். அதற்குள் அவள் அந்தக் கடைசி வரியை அழித்துவிட்டு, மாவு தட்டும் அக்காவின் கையைப் படமெடுத்து அங்கே வைத்திருந்தாள்.

மறுநாள் டப்பா காலியாக வந்தது. "சாப்பிட்டாங்களா, கொட்டிட்டாங்களா?" என்றேன். "மா, ப்ளீஸ்" என்றாள் மகள்.

செவ்வாய்க்கிழமை கடையிலும், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆச்சென்று ஸ்கூலிலிருந்து கால் வருமோ என்று போனை இடுப்பிலேயே செருகியிருந்தேன். அக்கா கிரைண்டரைக் கழுவிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"என்ன அக்கா, யாராவது காணாமப் போயிட்டாங்களா?"