ஜெராக்ஸ் கடை லத்தீன்

போன மாதம் என் ஆய்வு மாணவி ஒரு புதிய கடல்பாசிக்குப் பெயர் சூட்டும் கட்டுரையையும் காய்ந்த மாதிரி ஒன்றையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். உறையைப் பிரித்ததும் அந்த வாடை. கருவாட்டுக் கூடைக்குள் யாரோ அயோடினைக் கொட்டியது போல இருக்கும். வீட்டில் யாருக்கும் பிடிக்காது, எனக்கு மட்டும் பசியெடுக்கும். கட்டுரையைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் எதையோ தேடினேன், கிடைக்கவில்லை, முதல் பக்கத்துக்குப் போய்த் திரும்பவும் வந்தேன். அவளைக் கூப்பிட்டு லத்தீன் பத்தி எங்கே என்று கேட்டும்விட்டேன். அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். லத்தீனில் எழுத வேண்டும் என்ற விதியை எடுத்தே வருஷக்கணக்காகிறது.

"லத்தீனா? அதெல்லாம் யாரு மேடம் படிச்சிருக்கப்போறா?" என்றாள்.

நான் படித்திருக்கிறேன். செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையில்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் வேலை, ஊழியர் குடியிருப்பில் வீடு. நான் செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் கடல்பாசி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சொல்லும்போது கௌரவமாகத்தான் இருக்கும். உண்மையில் சல்வாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துப் பாறைகளில் வழுக்கி விழுவதுதான் முக்கால்வாசி வேலை. அப்படி விழுந்த ஒரு நாளில்தான் கன்னியம்மாவைப் பார்த்தேன். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைப் பெயர்க்க வருகிறவர், நாற்பது வயதிருக்கும். என் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "இன்னா பாப்பா, பாறைக்கு நமஸ்காரம் பண்ணிகினே கீற?" என்றார்.

கடைசிப் பாறையின் அடிப்பக்கத்தில் முடி போல மெல்லிசாக ஒரு சிவப்புப் பாசி இருப்பதைக் காட்டியவரும் அவர்தான். தை மாசம் மட்டும் வரும், வந்தது தெரியாமல் போய்விடும் என்றார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அன்று மதியம் சாப்பிட்டேனா என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு தாவரத்துக்கோ பாசிக்கோ புதிதாகப் பெயர் வைக்க வேண்டுமென்றால் அதன் விவரத்தை லத்தீனில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லாது. என்னிடம் லத்தீன் சொற்பட்டியல் ஒன்று இருந்தது. சொற்கள் கையில் இருந்தால் மொழி தானாக வந்துவிடும் என்று நம்புகிற வயது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்கி அனுப்பிவிட்டேன். கட்டுரை திரும்பி வந்தது. ஆய்வில் குறையில்லை, ஆனால் இதில் இருப்பது எந்த மொழி என்று தெரியவில்லை, இரண்டு மாதத்துக்குள் திருத்தி அனுப்பவும் என்று ஒரு குறிப்பு. தெற்கே வேறொரு குழுவுக்கும் இதே போன்ற பாசி கிடைத்திருக்கிறது என்று அதே வாரம் ஒரு செய்தி வந்தது. யார் முதலில் அச்சில் கொண்டுவருகிறார்களோ அவர்கள் வைக்கும் பெயர்தான் நிலைக்கும். மூன்று வருஷம் வழுக்கி விழுந்ததெல்லாம் வீணாகிவிடும் போலிருந்தது.

திரும்பி வந்த கட்டுரையைப் பிரதியெடுக்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஜெரால்டுக்கு என் வயதுதான் இருக்கும். பேசவே மாட்டார், எத்தனை காப்பி என்பதைக்கூடக் கண்ணால்தான் கேட்பார். தாளைப் போட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினார்.

"மேடம், 'தால்லுஸ்' ஆம்பள. நீங்க 'ரூப்ரா'ன்னு பொம்பளயா முடிச்சிருக்கீங்க. 'ரூபெர்'னு வரணும்."

சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் போலக் குனிந்து பொத்தானை அமுக்கினார். சிவப்பான உடல் என்று நான் எழுதியிருந்தேன். உடல் ஆணாகவும் சிவப்பு பெண்ணாகவும் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

விடாமல் கேட்டதில் துண்டு துண்டாகச் சொன்னார். கத்தோலிக்கக் குருமடத்தில் நாலு வருஷம் இருந்தார், லத்தீன் அங்கே படித்தது. சாமியாராக மனம் ஒப்பவில்லை, வெளியே வந்துவிட்டார். பிறந்தபோதே கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை. அம்மா திட்டவில்லை, அழவில்லை. சாப்பிட்டாயா என்பதற்கு மேல் இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. லத்தீன் புத்தகங்களை இவரே சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். எனக்கு உதவ முடியுமா என்று கேட்டதற்கு மாட்டேன் என்று தலையாட்டினார். மறுநாள் போனபோது கடைப் பலகையில் அட்டை கிழிந்த இலக்கணப் புத்தகம் ஒன்று இருந்தது.

"சாக்க அவுத்துட்டேன்" என்றார்.

ஏழு வாரம். சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் பாடம். முதல் பாடம் ரோசா. நம் ரோசாதான், லத்தீனிலும் ரோசாவே. ரோசா, ரோசா, ரோசாம், ரோசே, ரோசே, ரோசா. நான் உரக்கச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எதிர் டீக்கடைக்காரர் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "யாருப்பா அந்த ரோசா? இன்னும் வர்லியா?" என்று ஜெரால்டிடம் கேட்டார். அன்றுதான் ஜெரால்டு சிரித்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

எட்டாம் வகுப்பில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று அர்த்தம் தெரியாமல் கத்தியவள் நான். வேற்றுமை என்றால் என்ன என்பது எனக்கு லத்தீனில்தான் புரிந்தது. தமிழாசிரியருக்குத் தெரிந்தால் மன்னிக்க மாட்டார். அங்கே ஆறே வேற்றுமை. நம்முடைய ஆல், ஓடு, இன், கண் எல்லாம் சேர்ந்து செய்வதைக் கடைசி வேற்றுமை ஒன்றே செய்கிறது. அதுதான் என்னைப் படாதபாடு படுத்தியது. "அவன் ஒருத்தன்தான், ஆனா நாலாள் வேலை பாப்பான்" என்று ஜெரால்டு சமாதானம் சொல்வார். மெல்லிய கிளைகளோடு என்பதற்கு 'ராமிஸ் தேனுயிபுஸ்'. வீட்டுக்குப் போகிற பேருந்தில் இதையே முணுமுணுத்துக்கொண்டு போனதில், பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பாசிக்குக் கன்னியம்மாவின் பெயர்தான் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். 'கன்னியம்மி' என்று எழுதியதைப் பார்த்து ஜெரால்டு பதறிவிட்டார். அது ஆண்களுக்கான முடிவாம். ரோசா, ரோசே போலக் கன்னியம்மா, கன்னியம்மே. கன்னியம்மாவினுடைய என்று அர்த்தம். நன்றிப் பகுதியில் ஜெரால்டின் பெயரைப் போடட்டுமா என்றதற்கு, "வேணாங்க, அம்மா பாத்தா பேஜாராயிடும்" என்றார். நான் கேட்கவில்லை. போட்டுவிட்டேன். இன்றைக்கு அந்தத் துணிச்சல் வராது.

கட்டுரை வெளிவந்தது. தெற்கத்திக் குழுவினர் வைத்திருந்தது வேறு பாசி என்று பிறகு தெரிந்தது. ஏழு வாரம் நான் பயந்ததெல்லாம் சும்மா. குப்பத்துக்கு ஓடிப்போய், பாசிக்கு லத்தீனில் உங்கள் பெயர்தான் என்று கன்னியம்மாவிடம் சொன்னேன். அந்தப் பாஷை எந்த ஊரில் பேசுகிறார்கள் என்று கேட்டார். எந்த ஊரிலும் இல்லை என்றேன்.

"அப்ப என்னிய யாரு அந்தப் பேர்ல கூப்புடுவாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிப்பியைப் பெயர்க்கப் போய்விட்டார். ஆனால் அடுத்த முறை போனபோது குப்பத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

ஜெரால்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். அவர் வெளியே போயிருந்தார். கடையில் ஒரு அம்மாள், மடியில் சாப்பாட்டு டப்பாவுடன் உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த கட்டுரையைக் காட்டி, மகனுடையதா என்று அவர் கேட்டபோதுதான் ஜெரால்டின் அம்மா என்று புரிந்தது. மறைக்க முடியவில்லை. நன்றி வரியைத் தமிழில் சொன்னேன். அந்த லத்தீனையும் படிக்கச் சொன்னார். பாசியின் நிறம், கிளை, பாறையைப் பற்றும் அடிப்பகுதி பற்றிய ஆறு வரிகள். நான் படிக்க ஆரம்பித்ததும், பூசையில் செய்வது போல அவர் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். முடியும்வரை அசையவில்லை.

"வீணாப் போவல" என்றார்.

ஜெரால்டு வந்ததும் அம்மா டப்பாவைத் திறந்து வைத்தார். வழக்கமாக வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாராம். அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, மகன் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஜெரால்டு சேமிப்புக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். லத்தீன் விதியை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லப் போன் செய்தபோது, நல்லதுதான், பசங்க பொழச்சுப் போகட்டும் என்றார். கடல் உள்ளே வராமலிருக்கக் குப்பத்துக் கரையில் கொட்டிய கற்களுக்கு அடியில் கடைசிப் பாறை போய்விட்டது. இப்போது புதிதாக ஒரு பாசி கிடைத்தால் ஒரே மதியத்தில் விவரித்து முடித்துவிடலாம். எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. அவ்வளவு சிரித்த ஏழு வாரம் அதற்குப் பிறகு எனக்கு அமையவில்லை.